தடைக்காலம் எத்தனை நாள்? தேதி இடைவெளியை நிரலில் எழுதுவது எப்படி

குளச்சல் பக்கம் என் மாமா ஒரு ஐஸ் பிளாண்ட் நடத்துகிறார். விசைப்படகு கடலுக்குப் போனால்தான் ஐஸ் போகும். மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் வியாபாரம் படுத்துவிடும். அந்த நாட்களுக்கு ஆட்கூலி, கரண்ட் பில் எல்லாம் முன்கூட்டியே கணக்குப் போட ஒரு சின்ன புரோகிராம் எழுதித் தரச் சொன்னார். இரண்டு தேதி, ஒரு கழித்தல். இதற்கு எதற்கு யோசனை என்று அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தேன்.

திரையில் 60 என்று வந்தது. மாமா சிரித்துவிட்டார். "மக்களே, அறுபத்தொண்ணு நாளுல்லா தடை? ஒரு நாளை எங்க கொண்டு போட்ட?"

அந்த ஒரு நாளைத் தேடிப் போனதில் கற்றுக்கொண்டவைதான் இந்தக் கட்டுரை. ஜாவாவோ பைத்தானோ இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள், கிளாஸ், ஆப்ஜெக்ட் என்றால் என்னவென்று ஓரளவு தெரியும் என்றால் இது போதும்.

முதலில் தடைக்காலத்தைப் பற்றி. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் விசைப்படகுகள் 61 நாள் கடலுக்குப் போகக் கூடாது. கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மற்ற கடலோர மாவட்டங்களுக்கு ஒரே தடைதான். குமரி மாவட்டத்துக்கு மட்டும் இரண்டும் உண்டு. சின்னமுட்டத்துப் படகுகள் கிழக்குக் கணக்கில் வரும். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் எல்லாம் மேற்குக் கணக்கு. மாமா இரண்டு பக்கத்துக்கும் ஐஸ் அனுப்புகிறவர். ஆக எனக்குக் கிடைத்தது ஒரு தேதி இடைவெளி அல்ல, இரண்டு. அதிலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிறவை.

சரி, 60 எப்படி வந்தது? ஜூன் 14-இலிருந்து ஏப்ரல் 15-ஐக் கழித்தால் 60 வருவது சரிதான். கணினி தப்புச் செய்யவில்லை. தோப்பில் ஒரு வரிசையில் 61 தென்னை நின்றால் மரங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி 60. கழித்தல் இடைவெளியை எண்ணுகிறது. மாமா மரத்தை எண்ணுகிறார். நம் பேச்சு வழக்கில் "இந்தத் தேதி முதல் அந்தத் தேதி வரை" என்றால் இரண்டு முனையும் சேர்த்தி. சபரிமலைக்கு மாலை போட்டவர் 41 நாள் விரதம் எண்ணும்போதும் மாலை போட்ட அன்றே ஒன்று என்றுதான் தொடங்குவார்.

உடனே நான் செய்தது எல்லோரும் செய்வதுதான்: விடையோடு 1 கூட்டினேன். 61 வந்தது. ஒரு வாரம் கழித்து, கூலி கணக்கிடும் இன்னொரு இடத்திலும் அதே நினைப்பில் 1 கூட்டியிருந்தேன். அங்கே 62 நாள் கூலி வந்து நின்றது. ஒன்றைக் கூட்டுவது தப்பில்லை, எங்கே கூட்டினோம் என்பது நிரல் முழுக்கச் சிதறிக் கிடப்பதுதான் தப்பு.

இதற்குத் தீர்வாக நிரலாளர்களிடையே ஒரு பழக்கம் உண்டு. தொடக்க நாளைச் சேர்த்துக்கொள்வார்கள், முடிவு நாளைச் சேர்க்க மாட்டார்கள். அதாவது தடைக்காலத்தை "ஏப்ரல் 15 தொடக்கம், ஜூன் 15 முடிவு, ஜூன் 15 இதில் சேராது" என்று வைத்துக்கொள்வது. இப்போது கழித்தால் நேராக 61. கூட்டல் எங்கேயும் வேண்டாம். ஒரு காலம் முடிகிற அதே தேதியில் அடுத்தது தொடங்கும், நடுவில் ஓட்டையும் இருக்காது, ஒரு நாள் இரண்டு பக்கமும் எண்ணப்படவும் செய்யாது. திரையில் மனிதருக்குக் காட்டும்போது மட்டும் ஒரு நாள் குறைத்து "ஜூன் 14 வரை" என்று காட்டினால் போதும்.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. "ஜூன் 14 நள்ளிரவுடன் தடை முடிகிறது" என்று சொல்வார்கள். அந்த நள்ளிரவு 14 பிறக்கும் நள்ளிரவா, 14 முடியும் நள்ளிரவா? படகுக்காரருக்குக் குழப்பம் இல்லை, வழக்கத்தில் தெரியும். நிரலுக்கு அது தெரியாது. 15-ஆம் தேதி பிறக்கும் நொடி என்று எழுதிவிட்டால் சண்டை தீர்ந்தது.

அடுத்த பாடம் இதைவிடப் பெரியது. "காலம்" என்று ஒரே சொல்லால் நாம் சொல்வது உண்மையில் மூன்று வெவ்வேறு பொருள்கள். "ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை" என்பது காலண்டரில் ஆணி அடித்து நிறுத்திய ஒரு வரம்பு. "61 நாள்" என்பது வெறும் எண்ணிக்கை. அது எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். "இரண்டு மாதம்" என்பது மூன்றாவது வகை. அது காலண்டர் அளவு, எங்கிருந்து தொடங்குகிறோம் என்று தெரியாமல் அதில் எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஜூலை 1 முதல் மூன்று மாதம் என்றால் 92 நாள். 2025 பிப்ரவரி 1 முதல் மூன்று மாதம் என்றால் 89 நாள். வட்டிக்கு வாங்கியவருக்கு அந்த மூன்று நாளின் அருமை தெரியும். நம் தமிழ் மாதங்களை எடுத்தாலும் இதே கதைதான்: மார்கழியைவிட ஆடி நீளம்.

பொருள்நோக்கு நிரலாக்கத்தின் அடிப்படையே இதுதான்: வெவ்வேறு பொருளுக்கு வெவ்வேறு கிளாஸ். அளவை ஒரு வெறும் எண்ணாக வைத்துக்கொண்டால், அந்த 2 என்பது நாளா, மாதமா, மணியா என்று அந்த எண்ணுக்கே தெரியாது. மூன்று வகையையும் தனித்தனி வகையாக வைத்தால், மாதத்தை நாளோடு கூட்டப் பார்க்கும்போது நிரலே கையைப் பிடித்து நிறுத்தும்.

ஜாவா இதை நன்றாகவே பிரித்து வைத்திருக்கிறது. 2014-இல் வந்த ஜாவா 8-லிருந்து, மணியில்லாத வெறும் தேதிக்கு லோக்கல்டேட் என்று ஒரு கிளாஸ். ஆண்டு, மாதம், நாள் என்ற காலண்டர் அளவுக்குப் பீரியட். நொடிக் கணக்கில் ஓடும் அளவுக்கு டியூரேஷன். அதற்கு முன் இருந்த பழைய டேட் கிளாஸில் ஜனவரி 0-வது மாதம், ஆண்டை 1900-இலிருந்து எண்ண வேண்டும். அதோடு மல்லுக்கட்டியவர்கள் புதியதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். பைத்தானில் இரண்டு தேதியைக் கழித்தால் டைம்டெல்டா வரும். அதற்கு நாள் தெரியும், வாரத்தைக் கொடுத்தால் நாளாக மாற்றிக்கொள்ளும். மாதம் என்றால் தெரியாது. குறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது நேர்மையாகத்தான் படுகிறது: தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. மாதம் வேண்டுமென்றால் டேட்யூட்டில் என்ற தனி நூலகத்தில் ரிலேட்டிவ்டெல்டா இருக்கிறது.

இனி, தொடக்கநிலையில் அநேகமாக எல்லோரும் விழும் ஒரு குழி. ஜாவாவில் ஏப்ரல் 15-க்கும் ஜூன் 15-க்கும் நடுவே உள்ள பீரியடை எடுத்து, அதனிடம் "நாள் எத்தனை" என்று கேட்டுப் பாருங்கள். விடை 0. பிழை இல்லை. அந்த பீரியட் "2 மாதம் 0 நாள்" என்று இருக்கிறது; நீங்கள் கேட்டது அதில் நாள் என்ற கட்டத்தில் உள்ள எண்ணை. ஜூன் 14 வரை என்று கொடுத்துக் கேட்டிருந்தால் "1 மாதம் 30 நாள்" ஆகி, 30 என்று வந்திருக்கும். இந்த 30 இன்னும் ஆபத்தானது. 0 வந்தால் சந்தேகப்படுவோம், 30 வந்தால் நம்பிவிடுவோம். மொத்த நாள் வேண்டுமென்றால் பீரியடைத் தொடக்கூடாது. குரோனோயூனிட் என்பதில் நாள் என்ற அலகைக் கொண்டு இரண்டு தேதிக்கும் நடுவே எண்ணச் சொல்ல வேண்டும். பிஎச்பி படிப்பவர்களுக்கும் இதே குழி உண்டு. அங்கே டேட்இன்டர்வெல் ஆப்ஜெக்டில் 'டி' என்றும் 'டேஸ்' என்றும் இரண்டு பண்புகள் இருக்கும். முதலாவது மாதம் போக மிஞ்சிய நாள், இரண்டாவது மொத்த நாள்.

பெரிய எண்ணில் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டது 2000 ஜனவரி 1-இல். வெள்ளி விழா நாளான 2025 ஜனவரி 1 வரை எவ்வளவு? பீரியட் 25 ஆண்டு, 0 மாதம், 0 நாள் என்று சொல்லும். நாள் அலகில் எண்ணினால் 9132. நடுவில் வந்த ஏழு லீப் ஆண்டுகளும் அதில் அடக்கம். இரண்டு விடையும் சரி. விழா எடுப்பவருக்கு முதலாவது வேண்டும், தினசரி பராமரிப்புச் செலவைக் கணக்கிடுபவருக்கு இரண்டாவது.

மாமாவின் புரோகிராமில் எனக்கு ஒரு வேடிக்கையான சிக்கல் வந்தது. கிழக்குத் தடையும் மேற்குத் தடையும் இரண்டுமே சரியாக இரண்டு மாதம், இரண்டுமே சரியாக 61 நாள். லீப் ஆண்டு வந்தாலும் மாறாது, ஏனென்றால் இரண்டுமே பிப்ரவரிப் பக்கம் போவதில்லை. ஆகவே "இரண்டு மாதம் கூட்டு" என்று எழுதினாலும் "61 நாள் கூட்டு" என்று எழுதினாலும் சோதனையில் பாஸ்தான். தப்பு வெளியே வரவே வராது. அதே நிரலை வேறொரு தேதிக்குப் பயன்படுத்தும் நாளில்தான் பல்லைக் காட்டும். டெஸ்ட் எழுதும்போது பிப்ரவரியைத் தாண்டும் ஒரு காலத்தையும், மாதக் கடைசியில் தொடங்கும் ஒன்றையும் கட்டாயம் சேருங்கள்.

மாதக் கடைசி என்றதும் சீட்டு ஞாபகம் வருகிறது. ஜனவரி 31-இல் தொடங்கிய சீட்டுக்கு அடுத்த தவணை எப்போது? பிப்ரவரி 31 என்று ஒன்று கிடையாது. ஜாவா அந்த மாதத்தின் கடைசி நாளுக்கு இறங்கிவந்து 2025 பிப்ரவரி 28 என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்டில் மாதத்தை மட்டும் ஒன்று கூட்டி வைத்தால் மிஞ்சிய மூன்று நாளை மார்ச்சுக்குத் தள்ளி மார்ச் 3 என்று நிற்கும். பிஎச்பியும் அப்படியே. எது சரி என்று கேட்டால், சீட்டு நடத்துபவரைத்தான் கேட்க வேண்டும். மொழிக்கு மொழி விதி வேறு என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

அதிலும் உள்ளே ஒரு கண்ணி இருக்கிறது. அடுத்தடுத்த தவணைகளைக் கண்டுபிடிக்க, கடைசித் தவணையோடு ஒரு மாதம் கூட்டிக்கொண்டே போனீர்கள் என்று வையுங்கள். ஜனவரி 31, பிப்ரவரி 28, மார்ச் 28, ஏப்ரல் 28. பிப்ரவரியில் ஒருமுறை இறங்கிய தேதி மறுபடி மேலே ஏறவே இல்லை. எப்போதும் முதல் தேதியிலிருந்தே கூட்டுங்கள்: தொடக்கம் கூட்டல் ஒரு மாதம், தொடக்கம் கூட்டல் இரண்டு மாதம், தொடக்கம் கூட்டல் மூன்று மாதம். அப்போது பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30 என்று ஒழுங்காக வரும். காலண்டர் கூட்டல் பள்ளிக்கூடக் கூட்டல் போல அல்ல. ஒரு மாதத்தைக் கூட்டி, மறுபடி ஒரு மாதத்தைக் கழித்தால் புறப்பட்ட இடத்துக்கே வருவோம் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இப்போது கிளாஸுக்கு வருவோம். ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பில், இந்தத் தேதி முதல் அந்தத் தேதி வரை என்ற வரம்புக்கு ஆயத்தக் கிளாஸ் கிடையாது. திரீடென் எக்ஸ்ட்ரா என்ற நூலகத்தில் லோக்கல்டேட்ரேஞ்ச் இருக்கிறது, வேலைக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் படிக்கிற காலத்தில் ஒருமுறை கையால் எழுதிப் பார்ப்பது நல்லது. மொழிக்குக் கட்டுப்படாமல் தமிழிலேயே எழுதிக் காட்டுகிறேன்:

கிளாஸ் தேதிவரம்பு
    தொடக்கம் : தேதி
    முடிவு : தேதி — இந்த நாள் சேராது

    உருவாக்கு(தொ, மு)
        மு < தொ எனில் பிழை எழுப்பு
        தொடக்கம் = தொ
        முடிவு = மு

    நாள்கள்()
        திருப்பு முடிவு − தொடக்கம்

    உள்ளதா(நாள்)
        திருப்பு தொடக்கம் <= நாள் மற்றும் நாள் < முடிவு

    பொதுப்பகுதி(மற்றது)
        தொ = பிந்தியது(தொடக்கம், மற்றது.தொடக்கம்)
        மு = முந்தியது(முடிவு, மற்றது.முடிவு)
        தொ < மு எனில் திருப்பு தேதிவரம்பு(தொ, மு)
        இல்லையெனில் திருப்பு எதுவுமில்லை

இவ்வளவுதான். இதில் கவனிக்க வேண்டியது, முடிவு நாள் சேருமா சேராதா என்ற விஷயம் இந்தக் கிளாஸுக்குள்ளேயே அடங்கிவிட்டது. வெளியே இருக்கும் நிரல் "இன்றைக்குத் தடை உண்டா" என்று வரம்பிடமே கேட்கும். தானாகத் தேதிகளை ஒப்பிட்டுப் பார்க்காது. நான் இரண்டு இடத்தில் ஒன்றைக் கூட்டி மாட்டிக்கொண்டேனே, அதற்கு இங்கே வழியே இல்லை.

சிலர் தேதி கிளாஸை மரபுரிமையாக எடுத்து, அதன் பிள்ளையாகத் தேதிவரம்பை எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அது பொருந்தாது. வரம்பு என்பது ஒரு தேதி அல்ல. அதனிடம் இரண்டு தேதி இருக்கிறது, அவ்வளவே. ஜூன் 14 என்ன கிழமை என்று கேட்கலாம். தடைக்காலம் என்ன கிழமை என்று கேட்டால் யாரும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

பொதுப்பகுதி என்பதுதான் குமரி மாவட்டத்துக்கு ரொம்ப உபயோகம். கிழக்குத் தடை ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 15-இல் முடிகிறது. மேற்குத் தடை ஜூன் 1-இல் தொடங்கி ஆகஸ்ட் 1-இல் முடிகிறது. தொடக்கங்களில் பிந்தியது ஜூன் 1. முடிவுகளில் முந்தியது ஜூன் 15. கழித்தால் 14 நாள். அந்த 14 நாளும் மாவட்டத்தில் எந்தத் துறைமுகத்திலும் விசைப்படகு கிளம்பாது. இரண்டையும் சேர்த்து மொத்தம் எத்தனை நாள் ஏதாவது ஒரு பக்கம் தடை இருக்கும்? 61 கூட்டல் 61 கழித்தல் 14, ஆக 108. ஏப்ரல் 15 முதல் ஜூலை 31 வரை விரல் விட்டு எண்ணினாலும் அதுவே வரும்.

உருவாக்கிய பிறகு மாற்ற முடியாத பொருளாக இதை வைத்துக்கொள்ளுங்கள். முடிவை மாற்று என்று ஒரு முறையைக் கிளாஸில் வைக்காதீர்கள். முடிவை நீட்ட வேண்டுமென்றால் புதிதாக ஒரு வரம்பை உருவாக்கித் தர வேண்டும். ஒரே தேதி ஆப்ஜெக்டை இரண்டு படகுகள் பகிர்ந்துகொண்டு, ஒன்றுக்காக மாற்றியது இன்னொன்றையும் மாற்றிவிட்ட கதையெல்லாம் ஜாவாவின் பழைய டேட் கிளாஸில் சகஜம். புதிய லோக்கல்டேட் மாறாது. அதனாலேயே தொடக்கநிலையாளர் வேறொரு இடத்தில் இடறுவார்: "ஒரு நாள் கூட்டு" என்று ஒரு வரி எழுதிவிட்டு, பழைய மாறியையே அச்சடித்துப் பார்த்து, தேதி மாறவில்லையே என்று தலையைச் சொறிவார். கூட்டிய விடை புதிய ஆப்ஜெக்டாகத் திரும்பி வருகிறது, அதை எடுத்து வைத்துக்கொண்டால்தான் உண்டு.

நேர மண்டலம் பற்றி ஒரு வார்த்தை மட்டும். நாள் கணக்குக்குத் தேதி போதும் என்றால் மணியைச் சேர்க்காதீர்கள். இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. ஜூன் 1 நள்ளிரவு 12 மணி என்று வைத்ததை எங்கோ ஒரு சர்வர் பொது நேரத்துக்கு மாற்றினால் மே 31 மாலை 6.30 ஆகிவிடும், தடை ஒரு நாள் முன்னாலேயே தொடங்கிவிடும். ஒரு நாள் என்பது எப்போதும் 24 மணி என்ற நம்பிக்கையும் வேண்டாம். நமக்கு அது உண்மைதான். லண்டனில் கோடை நேரத்துக்காக மார்ச் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கும் நாளில் 23 மணி நேரம்தான் இருக்கும்.

அப்புறம் மாமா கேட்டது: "வருசா வருசம் உன்ன கூப்பிட்டுத் தேதி மாத்தச் சொல்லணுமா மக்களே?" நியாயமான கேள்வி. "ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை" என்பது ஒரு வரம்பே அல்ல, வரம்புகளைப் பெற்றுத் தரும் விதி. அதற்கு ஆண்டு கிடையாது. ஆகவே தடைவிதி என்று இன்னொரு கிளாஸ் எழுதினேன். அதனிடம் மாதமும் நாளும் மட்டும் இருக்கும். ஆண்டைக் கொடுத்தால் அந்த ஆண்டுக்கான தேதிவரம்பைத் திருப்பித் தரும். ஆண்டில்லாத தேதிக்கு ஜாவாவில் மன்த்டே என்ற கிளாஸ் இருக்கிறது. விதியும் மாறாதது அல்ல. முன்பு கிழக்குக் கரையில் தடை 45 நாள்தான், ஏப்ரல் 15 முதல் மே 29 வரை. பழைய கணக்குப் புத்தகத்தையும் ஏற்ற வேண்டியிருந்ததால், எந்த ஆண்டுக்கு எந்த விதி என்பதையும் தரவாகவே வைத்தேன், நிரலுக்குள் எழுதவில்லை.

ஆண்டு எல்லையைத் தாண்டும் காலங்களுக்கு இந்த விதிக் கிளாஸ் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஐயப்ப பக்தர்கள் சபரிமலையோடு கன்னியாகுமரிக்கும் வரும் சீசன் கார்த்திகையில் தொடங்கித் தையில் முடிகிறது, அதாவது நவம்பர் முதல் ஜனவரி வரை. மாதத்தை மட்டும் பார்த்தால் முடிவு தொடக்கத்துக்கு முன்னால் நிற்கும், உருவாக்கு முறை பிழை எழுப்பிவிடும். முடிவின் மாதம் முந்தியதாக இருந்தால் அதற்கு அடுத்த ஆண்டைக் கொடு என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும். கடற்கரையில் கடை வைத்திருக்கும் ஒருவர் இதே புரோகிராமைக் கேட்டபோதுதான் எனக்கு அது தெரியவந்தது.

மாமாவின் திரையில் இப்போது மூன்று வரி மட்டும் வருகிறது: சின்னமுட்டம் 61, குளச்சல் 61, இரண்டும் மூடிய நாள் 14. ஐஸ் பிளாண்டின் கம்ப்ரசரைப் பிரித்துப் பழுது பார்க்கும் வேலையை அவர் அந்த மூன்றாவது வரிக்குள் போட்டுக்கொண்டார்.